ஏ பிரிவுக்குப் போகும் பிள்ளைக்கு

வணக்கம் நேயர்களே. பெண்களும் சைக்கிள் ஓட்டப்போட்டியும் என்று பொதுவாகப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பொதுவாகப் பேசினால் நீங்கள் வானொலியை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள், அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். கீழ்ப் பிரிவில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் எப்போது மேல் பிரிவுக்குப் போக வேண்டும், போனால் அங்கே அவளுக்கு என்ன நடக்கும்?

நான் அமெரிக்காவில் முதுகலை படித்த காலத்தில் பல்கலைக்கழகச் சைக்கிள் கழகத்தில் சேர்ந்து ஓடினேன். அங்கே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வீதி ஓட்டங்கள் குளிர் விடத் தொடங்கும் மார்ச் மாதமளவில் ஆரம்பித்து மே மாதத்தோடு முடிந்துவிடும். வார இறுதியில் ஒரு பல்கலைக்கழகம் போட்டியை நடத்தும், சுற்றிலும் உள்ளவர்கள் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவார்கள். இரவில் நடத்துகிற பிள்ளைகளின் வீட்டுத் தரையில் படுக்கை, திரும்பும் வழியில் திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஒப்படை. பிரிவுகள் ஏ, பி, சி என்று போகும், ஏ தான் உச்சம். புதிதாக வருபவள் கீழே தொடங்குவாள், எடுக்கிற இடத்துக்குப் புள்ளி கிடைக்கும், போதிய புள்ளி சேர்ந்தால் மேலே விடச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் கீழேயே வென்றுகொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் அவர்களே தூக்கி மேலே போட்டுவிடுவார்கள்.

என் அபிப்பிராயம், அவர்கள் தூக்கிப் போடும்வரை காத்திருக்கக் கூடாது. பி பிரிவில் அடிக்கடி முதல் ஐந்துக்குள் வருகிறாய் என்றால் கிளம்பு. அங்கே இன்னும் இரண்டு கிண்ணம் எடுக்கலாம்தான், ஆனால் மேலே தேவைப்படுகிற எதையும் அது கற்றுத் தராது.

ஏன் என்றால் மேலே போனால் கால் பலம் கூடினால் மட்டும் போதாது, ஓட்டமே வேறு. பி பிரிவில் பெரும்பாலும் ஒரே வேகத்தில் போய்க் கடைசியில் பாய்வார்கள். ஏ பிரிவில் ஒருத்தி திடீரென்று பாய்வாள், எல்லோரும் துரத்திப் பிடிப்பார்கள், மூச்சு வாங்குவதற்குள் அடுத்தவள் பாய்வாள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் ஒரே சீராக ஓடிப் பழகின பிள்ளைக்கு இது புது உலகம். அந்த ஓட்டம் வீண் இல்லை, அது அத்திவாரம். அதோடு ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடி, ஒரு நிமிடம் ஆறி, திரும்பவும் ஓடுகிற பயிற்சியும் வேண்டும்.

அடுத்தது காற்று. சமதரையில் கொஞ்சம் வேகமாகப் போனாலே நம் பலத்தில் பெரும்பங்கைக் காற்றுத்தான் தின்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 36 ஆக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றை வெல்லத் தேவையான பலமோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடுகிறது. முன்னால் போகிறவளின் சில்லுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் கால்வாசி, சில வேளை மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால் ஆள் நிறைந்த கூட்டத்தில் பலம் குறைந்தவளும் ஒளிந்து வரலாம். பெண்கள் ஏ பிரிவில்தான் ஆளே குறைவு. நான் ஓடின சில ஓட்டங்களில் தொடக்கக் கோட்டில் பதினைந்து பேர் கூட இல்லை, அதற்குள் தொழிலாக ஓடுகிறவளும் நிற்பாள், போன கிழமைதான் பியிலிருந்து ஏறினவளும் நிற்பாள். சின்னக் கூட்டம் என்றால் சுலபம் என்று வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். ஒளிய இடமில்லை என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

பக்கக் காற்று இன்னும் பொல்லாதது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆனையிறவுப் பாதையில் பரந்தன் பக்கமாகச் சைக்கிளில் திரும்பி வந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும், இரண்டு பக்கமும் வெளி, ஒதுங்க ஒரு மரம் இல்லை, காற்று வலப்பக்கம் முன்னாலிருந்து அறைகிறது. அப்படியான நேரம் நேர் பின்னால் நின்றால் மறைவு கிடைக்காது, பின்னாலும் இடப்பக்கம் தள்ளியும் நிற்க வேண்டும், இப்படி ஒவ்வொருத்தியாகச் சாய்வு வரிசை உருவாகும். முன்னால் போகிற கெட்டிக்காரி என்ன செய்வாள் தெரியுமா, தான் வீதியின் இடது ஓரத்துக்குப் போய்விடுவாள். இப்போது அவளுக்கு இடப்பக்கம் யாரும் நிற்க வழி இல்லை, பின்னால் உள்ள அத்தனை பேரும் காற்றில் கிடந்து சாக வேண்டியதுதான். கீழ்ப் பிரிவில் யாரும் இதைச் செய்து நான் கண்டதில்லை, தெரியாது என்பதுதான் காரணம்.

கிரைட்டீரியம் என்று ஒரு வகை ஓட்டம் உண்டு, நகரத்துக்குள் சின்னச் சுற்றுப்பாதையில் திரும்பத் திரும்பச் சுற்றுவது. ஒவ்வொரு முடக்கிலும் முன்னுக்குப் போகிறவள் பிரேக்கைத் தொடாமலே திரும்பிவிடுவாள், அடுத்தவள் கொஞ்சம் தொடுவாள், கடைசியில் வருகிறவள் கிட்டத்தட்ட நின்று திரும்பிப் பாய வேண்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு நாலு முடக்கு என்றால் நாலு பாய்ச்சல், இருபது சுற்றுக்கு எண்பது. பயத்தில் பின்னால் நிற்பவள்தான் ஆகக் கூட உழைக்கிறாள். பெரும்பாலும் தலைவர்கள் ஒரு சுற்று முந்திவிட்டால் நடுவர் கையைக் காட்டி வெளியே எடுத்துவிடுவார், புதிதாக ஏறினவர்களுக்கு முதல் பருவத்தில் இது சாதாரணமாக நடக்கும். அழுதுகொண்டு வீட்டுக்கு வராமல் ஓரத்தில் நின்று, முன்வரிசையில் ஓடுகிறவள் முடக்குக்கு முன்னால் எந்த இடத்தில் திரும்பத் தொடங்குகிறாள், உள்பக்கப் பெடலை எப்போது மேலே தூக்குகிறாள் என்று பார்த்தால் அன்றைய பயணச் செலவுக்குப் பலன் உண்டு.

ஆள் பற்றாத நாளில் ஏயையும் பியையும் ஒன்றாக ஓடவிட்டு, புள்ளியை மட்டும் தனித்தனியாகப் போடுவார்கள். பியில் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. தன் பிரிவில் யார் முதலாவது என்பதை மறந்துவிட்டு ஏக்காரிகளின் சில்லைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கே நம் பக்கம் வருவோம். வன்னியில் சைக்கிள் ஓடாத பெண்பிள்ளை அருமை, பள்ளிக்கூடம், ரியூசன், கடை எல்லாம் சைக்கிள்தான். ஆனால் சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டியில் ஆண்களுக்கு நெடுந்தூர ஓட்டம், பெண்களுக்கு மெதுவான சைக்கிள் ஓட்டம்! யார் கடைசியாக வருகிறாளோ அவளுக்குப் பரிசு. எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனாலும் ஒன்று, கால் ஊன்றாமல் அவ்வளவு மெதுவாக ஓடத் தெரிந்தவளுக்கு நெருக்கமான கூட்டத்துக்குள் முழங்கை முட்டினாலும் தடுமாற்றம் வராது, அந்தத் திறமை வீணாகிப் போகிறதே என்றுதான் கோபம். நாம் மட்டும் பிந்திவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம், ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1896 இலேயே இருந்த வீதிச் சைக்கிள் ஓட்டம் பெண்களுக்கு 1984 இல்தான் வந்தது. அதை வென்ற கானி கார்பென்டர் 1972 இல் தன் பதினாலு வயதில் பனிச்சறுக்கு வேக ஓட்டத்துக்கு ஒலிம்பிக் போனவர், அதை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு வந்தவர்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. மேல் பிரிவுக்குப் போக மெலிய வேண்டும் என்று பிள்ளை பட்டினி கிடந்தால் விடாதீர்கள். மலை ஏறும் ஓட்டத்தில் எடை பார்ப்பார்கள், நம் சமதரையில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை, பாரமான லுமாலா சைக்கிளை வைத்துக்கொண்டே நிறையப் பழகலாம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும், ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது, சின்னக் கதலி என்றால் இரண்டாகக் கொடுங்கள். கடும் பயிற்சியோடு சாப்பாடும் குறைந்து மாதவிடாய் நின்றுபோனால் அதைக் கெட்டித்தனம் என்று எடுக்க வேண்டாம், எலும்பு பலவீனப்படும், பயிற்சியைக் குறைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிறவர்கள், வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகள், யாராக இருந்தாலும் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். முதலில் ஒரு சைக்கிள் நீள இடைவெளி, பழகப் பழக அதைக் குறைத்துக்கொண்டு, மாறி மாறி முன்னுக்குப் போங்கள். ஏ9 வீதியில் மட்டும் இது வேண்டாம், பஸ்ஸும் லொறியும் வருகிற வேகத்துக்கு ஒட்டி ஓடுவது உயிரோடு விளையாட்டு. வாகனம் குறைந்த உள்வீதியாகப் பாருங்கள், விடிந்து வெளிச்சம் வந்தபிறகு, தலைக்கவசத்தோடு. வீதியில் படுத்திருக்கிற மாட்டையும் குழியையும் முன்னுக்குப் போகிறவள் கையால் காட்டிவிட வேண்டும், ஒட்டி வருகிறவளுக்கு முன்னால் போகிறவளின் பின்சில்லைத் தவிர வேறொன்றும் தெரியாது.