காதால படிக்கிறவங்களுக்கு நம்ம மெசேஜ் எப்படிக் கேக்குது?

[திரையில்: ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பேரும் முகமும் மறைக்கப்பட்டிருக்கு.]

வணக்கம். இந்த வீடியோவைக் காதால மட்டும் கேக்குறவங்களும் இருப்பீங்க. அதனால திரையில வர்றதை எல்லாம் நான் வாயாலயும் சொல்லிடுறேன்.

இப்ப திரையில இருக்கிறது ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நம்ம தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் ஊர்க் குழுவுல அடிக்கடி வர்றதுதான். போன வருஷம் இப்படி ஒண்ணு, நீடாமங்கலம் பக்கத்துல இருக்கிற எங்க சித்தப்பா போனுக்கும் வந்துச்சு. அவருக்குச் சர்க்கரையில பார்வை போயி ஆறு வருஷமாச்சு. திரையில இருக்கிறதைக் குரலா வாசிச்சுச் சொல்ற டாக்பேக் வசதி போட்ட போன் வச்சிருக்கார். விரலை வச்சதும் போன் சொன்னது ஒரே வார்த்தை, "புகைப்படம்". யாரோ காலை வணக்கம் அனுப்பிருக்காங்கன்னு தள்ளிவிட்டுட்டார். இறந்தது அவரோட ஒண்ணா பள்ளிக்கூடம் போன கூட்டாளி. மறுநாள் டீக்கடையிலதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள எடுத்து முடிஞ்சுபோச்சு. "ஒரு மாலையாவது போட்டிருப்பேனேடா"ன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றார்.

ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைவாசிப்பான், நாம பாக்குற உருவத்தைப் பாக்குறதில்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு எண் இருக்கு. அந்த எண்ணை எடுத்துத்தான் அது குரலா மாத்துது. போஸ்டர்ல இருக்கிறது எழுத்து மாதிரி தெரியுற படம். உள்ள எழுத்தோட எண் எதுவும் கிடையாது. படத்துல இருக்கிற எழுத்தைப் பிரிச்சுப் படிக்கிற வசதி இப்ப வந்திருக்கு, உண்மைதான். ஆனா பூ வேலைப்பாடு, வளைஞ்ச எழுத்துன்னு இருந்தா தடுமாறும். எந்தப் படத்துல சேதி இருக்குன்னு முதல்ல தெரிஞ்சாத்தானே அவர் அதைத் திறக்கவே போவார்?

சேதி ஏன் படமாவே வருதுன்னா, நம்ம ஊர் அச்சகங்கள்ல பல இடத்துல இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருதான் ஓடுது. பாமினியில "தமிழ்"னு அடிச்சா உள்ள பதியறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டர்ல மட்டும் அது தமிழாத் தெரியும். அதைக் காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல ஒட்டினா எல்லாருக்கும் ஆங்கிலக் குப்பை. அதனால படமா மாத்திக் கொடுத்துடுறாங்க. எந்தக் கருவியிலயும் ஒரு எழுத்துக்கு ஒரே எண்ணாப் பதியுற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லயே தரமா ஏத்துக்கிச்சு. மேசையில இருக்கிற பழக்கம் மாறத்தான் நாளாகுது.

[திரையில்: "சௌக்கியமா", "செளக்கியமா" ரெண்டும் பக்கத்துல பக்கத்துல.]

சரி, எழுத்தாவே அடிச்சுட்டோம். அப்பவும் ஒரு கண்ணி இருக்கு. திரையில "சௌக்கியமா"ன்னு ரெண்டு தடவை இருக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டாவதுல, "சௌ"ங்கிற ஒரே எழுத்துக்குப் பதிலா "செ" அடிச்சு, பக்கத்துல "ள" போட்டிருக்கு. திரைவாசிப்பான் அதை "செ-ளக்கியமா"ன்னு படிக்கும். கௌரி கெ-ளரி ஆயிடும், பௌர்ணமி பெ-ளர்ணமி ஆயிடும். துணைக்காலுக்குப் பதிலா "ர" அடிக்கிறவங்களும் இருக்காங்க, அங்கயும் இதே கதை. தமிழ்ல இவ்வளவு நாளா நம்ம கண்ணு மன்னிச்சுவிட்ட தப்பு இது. காது மன்னிக்காது. எனக்கு இதைக் காட்டிக்கொடுத்ததே சித்தப்பாதான். "அது யாருடா கெளரி?"ன்னு கேட்டார்.

அடுத்து அலங்கார எழுத்து. கும்பகோணத்துல ஒரு புடவைக் கடை "சில்க்ஸ்"ங்கிற ஆங்கில வார்த்தையை வளைஞ்சு நெளிஞ்ச எழுத்துல பதிவு போடுதுன்னு வச்சுக்குங்க. அது எழுத்துரு இல்ல. கணிதக்காரங்களுக்காக 2001ல யூனிகோட்ல சேர்த்த குறியீடுகள். கேக்குறவங்களுக்கு, "மேத்தமேட்டிக்கல் போல்டு ஸ்கிரிப்ட் கேப்பிடல் எஸ்"னு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழு வாக்கியம் ஓடும். இல்லன்னா சத்தமே இல்லாம தாண்டிப் போயிடும். கம்ப்யூட்டர்ல இலவசமாக் கிடைக்கிற என்விடிஏங்கிற திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ரெண்டு பேர் 2006ல ஆரம்பிச்சது. அதுல இந்த எழுத்தைச் சாதாரண எழுத்தா மாத்திப் படிக்கிற வசதி 2024லதான் வந்துச்சு, முதல்ல அதையும் நாமளே அமைப்புல போயி இயக்க வேண்டியிருந்துச்சு. தமிழ் எழுத்துக்கு இப்படி ஒரு கணிதத் தொகுதி இல்லாதது நல்லதாப் போச்சு.

தடிமனாத் தெரியணும்னா வாட்ஸ்அப்ல வார்த்தைக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போடுங்க. எழுத்து மாறாது, தோற்றம் மட்டும்தான் மாறும். ஆனா "அ றி வி ப் பு"ன்னு இடம்விட்டு அடிக்காதீங்க. துண்டு துண்டாத்தான் கேக்கும். எமோஜிக்கும் ஒவ்வொரு பேர் உண்டு, வரிக்கு நடுவுல அஞ்சாறு பூ வச்சா சேதி அறுந்துபோகும். கடைசியில ஒண்ணு போதும். ஹேஷ்டேக்ல வார்த்தை பிரிஞ்சு கேக்கணும்னு, ஆங்கிலத்துல ஒவ்வொரு வார்த்தையையும் பெரிய எழுத்துல தொடங்குவாங்க. தமிழ்ல பெரிய எழுத்து கிடையாது, அதனால #குறுவை_சாகுபடின்னு நடுவுல அடிக்கோடு போட்டுடுங்க.

[திரையில்: மேட்டூர் நீர்மட்ட அட்டை. கீழே அதே விவரம் எழுத்தில்.]

இப்ப திரையில மேட்டூர் அணை நீர்மட்ட அட்டை. வழக்கமா அணை திறக்குற ஜூன் 12 நெருங்கினா டெல்டாவுல எல்லார் போன்லயும் இதுதான். முழு நீர்மட்டம் 120 அடி, இன்னிக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எத்தனை கன அடின்னு நாலே எண். சித்தப்பாவுக்கு ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர் அளவு நிலம் இருக்கு. நாத்து விடலாமா வேணாமான்னு முடிவு பண்ண அவருக்கும் அந்த நாலு எண்ணு வேணும். பல குழுவுல படம் மட்டும்தான் வருது. எங்க குழுவுல இப்ப ஒரு பையன் படத்துக்குக் கீழயே எழுத்தாவும் அடிச்சுடுறான். அரை நிமிஷ வேலை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் தளத்துல படத்துக்கு மாற்று உரைன்னு தனிக் கட்டமே இருக்கு, அதுல எழுதலாம்.

உங்க குழுவுல கடைசியா வந்த துக்கச் சேதியைத் திறந்து பாருங்க. படம் மட்டும் இருந்தா, கீழ அடிச்சுவிடுங்க: யாரு, எந்த ஊரு, எப்ப எடுக்குறாங்க. இந்த வீடியோவுல நான் பேசினது முழுக்கக் கீழ விவரிப்புல எழுத்தா இருக்கு.