டிரிஸ் பஃபர்: மீட்டர் 8 காட்டினால் போதுமா?

[காட்சி: தராசில் வெள்ளைத் தூள்]

வணக்கம். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நம் கைக்கு வரும் வேலை பஃபர் தயாரிப்பது. பாடநூலில் இதைத் தாங்கல் கரைசல் என்று படித்திருப்போம். கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். அதிகம் நகராது, தாங்கிக்கொள்ளும். இன்று டிரிஸ் என்ற காரத் தூளைக் கொண்டு 1 மோலார், பி.எச். 8 பஃபர் ஒரு லிட்டர் தயாரிப்போம்.

8-க்கு ஏன் டிரிஸ்? அதன் பி.கே.ஏ. 25 டிகிரியில் ஏறக்குறைய 8.06. பி.கே.ஏ. என்பது ஒரு பி.எச். புள்ளி; அங்கே டிரிஸின் கார வடிவமும் அமில வடிவமும் பாதிக்குப் பாதி இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து தாக்கினாலும் தாங்கும். அதிலிருந்து ஒரு அலகு மேலே, ஒரு அலகு கீழே வரைதான் இந்தப் பலம். டிரிஸில் அமிலத்தை ஊற்றி 5-க்கும் கொண்டுவரலாம், மீட்டரும் 5 காட்டும். ஆனால் அங்கே தாங்கும் சக்தி இருக்காது. 5 வேண்டுமென்றால் அசிடேட் எடுங்கள், 7 வேண்டுமென்றால் பாஸ்பேட்.

[காட்சி: பீக்கர், சுழலும் காந்தத் துண்டு]

டிரிஸ் பேஸ், அதாவது கார வடிவத் தூள், 121.14 கிராம். தண்ணீர் 800 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். இப்போதே ஒரு லிட்டர் ஊற்றிவிட்டால், அப்புறம் சேர்க்கும் அமிலம் அளவைத் தாண்டவைக்கும். செறிவு 1 மோலாருக்குக் கீழே போய்விடும்.

மீட்டரை 7, 10 ஆகிய இரண்டு திட்டக் கரைசல்களால் சரிபாருங்கள். நமக்கு வேண்டிய 8 இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்.

அடுத்து அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, புகைபோக்கி அறைக்குள். ஒரு மோல் டிரிஸில் ஏறக்குறைய பாதியை அமில வடிவமாக மாற்ற வேண்டும், அதாவது அரை மோல் அமிலம். அடர் அமிலம் லிட்டருக்கு ஏறக்குறைய 12 மோல் என்பதால் 42 மில்லி அளவில் வந்து நிற்கும். 35 மில்லி வரை மெதுவாக ஊற்றிவிட்டு நிறுத்துங்கள்.

[காட்சி: பீக்கரைத் தொட்டுப் பார்க்கும் கை]

தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு டிகிரி ஏறினால் டிரிஸின் பி.எச். ஏறக்குறைய 0.028 இறங்கும். கேட்கச் சின்ன எண். ஆனால் 35 டிகிரியில் 8.0 என்று நிறுத்தினால், 25-க்கு ஆறியதும் அது 8.3-ஐ நெருங்கிவிடும். 25 டிகிரியில் சரியாக 8.0 வைத்த பஃபரைக் குளிர் அறையில் 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் 8.6 ஆகிவிடும். அங்கே புரதம் சுத்தம் செய்கிறவருக்கு அது வேறு பஃபர்.

'என் மீட்டரில் வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே' என்பீர்கள். அது எலக்ட்ரோடு தரும் சமிக்ஞையைத்தான் திருத்தும். கரைசலின் வேதியியலை மாற்றாது. ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ, அந்த வெப்பநிலையில் பி.எச். வையுங்கள்.

ஆறியதா? சரி, இனி துளித்துளியாக. 8-ஐத் தாண்டிக் கீழே போய்விட்டால் சோடியம் ஹைட்ராக்சைடால் மேலே இழுக்கத் தோன்றும். வேண்டாம், தேவையில்லாத உப்பு சேரும். மறுபடி ஆரம்பிப்பதே நல்லது.

[காட்சி: புட்டியில் ஒட்டும் சீட்டு]

ஒரு லிட்டருக்கு நிரப்பி, பி.எச். இன்னொரு முறை பாருங்கள். சீட்டில் எழுதுங்கள்: 1 மோலார் டிரிஸ், பி.எச். 8.0, 25 டிகிரியில். தேதி, உங்கள் பெயர்.