23 ஆம்ப்ஸ் கேபிள் பைப்புக்குள் 11 ஆம்ப்ஸ் ஆன கதை

வணக்கம் நண்பர்களே. கையில் இருக்கிற இந்தக் கேபிளைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம், உள்ளே மூன்று கோர், அதாவது மூன்று கம்பி, காப்பர். நன்றாக வளைய வேண்டிய பிவிசி உறை, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. சிவப்பு கோர் பழுப்பாகிவிட்டது. கரூர் பக்கம் ஒரு பேக்கரியில் நேற்று உருவியது.

அங்கே தகரக் கூரை. அதை ஒட்டியே ஒரு பைப். மூன்று ஓவனுக்கும் தனித்தனி கேபிள், ஆனால் மூன்றும் அந்த ஒரே பைப்புக்குள். ஓவன் ஒன்றுக்கு 3 கிலோவாட், அதாவது 230 வோல்ட்டில் 13 ஆம்ப்ஸ். விடியற்காலையில் போட்டால் மதியம் வரை மூன்றும் ஓடும். முதலில் 16 ஆம்ப்ஸ் எம்சிபிதான், அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச், இருந்ததாம். கோடையில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாரோ 20 போட்டுவிட்டார்கள். ட்ரிப் ஆகும்போதாவது கேபிளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. அதுவும் போயிற்று.

சரி, கணக்குக்கு வருவோம். ஐஇசி 60364 என்கிற சர்வதேச வயரிங் விதியின் அட்டவணையில், சுவரில் பொருத்திய பைப்புக்குள் தனியாகப் போகும் இந்தக் கேபிள் தாங்குவது 23 ஆம்ப்ஸ். மூன்று கோரில் எர்த்தில் கரண்ட் ஓடாது, அதனால் லோடு உள்ள கோர் இரண்டுதான். ஆனால் அந்த 23 என்பது 30 டிகிரி காற்றுக்குச் சொன்னது. தகரத்துக்கு அடியில் 50 டிகிரி என்றால் 0.71 ஆல் பெருக்க வேண்டும். பைப்புக்குள் மூன்று சர்க்யூட் சேர்ந்து சூடாவதற்கு இன்னொரு 0.70. பெருக்கிப் பாருங்கள், 11.4 ஆம்ப்ஸ். 13 ஆம்ப்ஸே அதற்கு அதிகம்!

இப்போது அந்த 20 ஆம்ப்ஸ் எம்சிபியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1.13 மடங்கு, 22.6 ஆம்ப்ஸ் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக்கூடாது, அதாவது ட்ரிப் ஆகக்கூடாது என்பதுதான் அதன் விதி. கேபிள் தாங்குவதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது எப்படிக் காப்பாற்றும்? லோடு கரண்டைவிட எம்சிபி குறையக்கூடாது, சூட்டுக்கும் கூட்டத்துக்கும் கழித்தது போக மிஞ்சிய கேபிள் அளவைவிட எம்சிபி கூடக்கூடாது. இந்த வரிசை மாறவே கூடாது.

16 ஏன் விழுந்தது என்று கேட்பீர்கள். இந்த வீட்டு வகை எம்சிபியும் 30 டிகிரிக்கு அளந்து செய்ததுதான். எம்சிபி இருக்கும் டிபி பாக்ஸ் ஓவன் பக்கத்திலேயே இருந்தது, அதனால் சீக்கிரம் விழுந்தது. கேபிளை வதைத்த அதே சூட்டைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

அதே பைப்பில் விடுவதென்றால் 4 ஸ்கொயர் எம்எம்கூடப் போதாது, 14.9 ஆம்ப்ஸ்தான் வரும், 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு அது குறைவு. 6 போட வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. கூரையை விட்டு இறக்கி, சுவரில் இடைவெளி விட்டு மூன்று பைப் தனித்தனியாக ஓட்டினேன். அங்கே 40 டிகிரிக்கு 0.87, அவ்வளவுதான். அதே 2.5 கேபிள் 20 ஆம்ப்ஸ் தாங்கும். டிபி பாக்ஸை வாசல் பக்கம் மாற்றி, பழையபடி 16 ஆம்ப்ஸ் எம்சிபி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சில கம்பெனி சார்ட் 40 டிகிரிக்கே போட்டிருக்கும். அதில் மறுபடி 0.87 ஆல் பெருக்கிவிடாதீர்கள். சார்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.