சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்

ஜூன் 26 அன்று ராயபுரத்தில், போதை மறுவாழ்வு ஆலோசகர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, வார்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அரசு மருத்துவமனையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற மனநல மருத்துவர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் பெரியவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட நல்ல மனிதரே, காலையிலிருந்து ஒயரோடு மல்லுக்கட்டி இந்த மைக்கைப் பேச வைத்த தம்பி, திருவொற்றியூர், எர்ணாவூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கும் என் சக ஆலோசகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அவரையும் மக்கள் கவுன்சிலர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம்மையும் அப்படித்தான். இரண்டு பேரின் வாசலுக்கும் ஜனங்கள் வருவது வேறு எந்தக் கதவும் திறக்காதபோதுதான். அதனால் நான் சொல்லப்போவது அவருக்குப் புரியும்.

மருத்துவர் ஐயா என் ஆசிரியர். குடியை நிறுத்திய இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஒருவர் இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிவிட்டால், அது புத்தி பேசுகிற நேரம் இல்லை, உடனே மருத்துவமனைக்கு ஓடுகிற நேரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். என் கையால் சில உயிர்கள் பிழைத்தது அவர் புண்ணியத்தால். அவர் முன்னால் பேசுவது எனக்குப் பெருமை.

1987இல் ஐக்கிய நாடுகள் சபை இந்த ஜூன் 26ஐப் போதைக்கு எதிரான நாளாக அறிவித்தது. ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் பேரணி போகிறோம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உறுதிமொழி சொல்லித் தருகிறோம். குடிப்பவர்களைப் பற்றி, அவர்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவர்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோமே, நம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு நான் பேசுகிறேன். தூக்கம், துணை, நேரம் என்று மூன்று விஷயம் சொல்கிறேன்.

என் அம்மா அடிக்கடி சொல்வார்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வியாசர்பாடியில் ஏழு பேர் இருந்த ஒற்றை அறை வீட்டில் அது பழமொழி மட்டும் இல்லை, தினப்படி கணக்கு. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னதன் முழு அர்த்தமும் எனக்குத் தெரிந்தது.

தூக்கத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கேட்டதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு படுத்தால் விடிய விடிய அது ஓடும். ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு பகல் ஷிப்டும் பார்க்காதீர்கள். அவ்வளவுதான். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2018. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் லாஞ்சுகள், அதாவது விசைப்படகுகள், எல்லாம் கரையில். நம் மையங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில்தான் வீட்டுப் பெண்கள் ஆண்களைக் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். அப்படி வந்தவர் ஒரு தம்பி. வயது முப்பத்திரண்டு. லாஞ்சில் பங்குக்குப் போகிறவர். வலையில் கிழிசல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். வந்த அன்று அந்த விரல்களுக்குத் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவர் மனைவி டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தார்.

முப்பது நாள் இருந்தார். போனார். குடிக்கவில்லை. கடலுக்குப் போகாத சனிக்கிழமைகளில் மையத்துக்கு வருவார். கையில் செய்தித்தாளில் சுற்றிய சங்கரா மீன் இருக்கும். "வேணாம்பா" என்பேன். "அக்கா, இது ஏலத்துல எடுத்தது இல்ல, என் பங்கு" என்பார். ஒன்பது மாதம் அப்படிப் போனது. எனக்கு அந்தப் பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறு வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள். காலையிலிருந்து ஒன்பது குடும்பம் பார்த்திருந்தேன். அதில் ஒரு பையனுக்குப் பதினேழு வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டவன். அவன் அம்மா என் மேஜை மேலேயே தலையைச் சாய்த்து அழுதார். காலையில் கட்டிக்கொண்டு போன தயிர்சாதம் பையிலேயே இருந்தது. சாயங்காலம் ஏழரை மணிக்குப் போன். அந்தத் தம்பி. "அக்கா, சும்மாதான் கூப்ட்டேன்."

இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும், நம் வேலையில் 'சும்மா' என்று ஒரு போன் கிடையாது. எனக்கும் தெரியும். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. விழுந்தும் நான், "நாளைக்குக் காலைல வாப்பா, பேசலாம்" என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி குடித்தார். மூன்று வாரம் குடித்தார். பிறகு அவரே திரும்பி வந்தார். நல்ல வேளை, வந்தார். என் எதிரில் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அக்கா, அன்னிக்கு பேசினது உன் கொரலே இல்லக்கா."

அன்று சாயங்காலம் என் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் பெயர் எழுதுவேன், பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் எந்த வகுப்பு என்றுகூட எழுதுவேன். கடைசி நான்கு மாதப் பக்கங்களில் பெயரே இல்லை. 'கட்டில் 7, பழைய கதை.' 'கட்டில் 3, அம்மா அழுகை.' என் கையெழுத்துதான். வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த என் மகள் நடுவில் நிறுத்திவிட்டு, "அம்மா, நீ கேக்கல. தலைய மட்டும் ஆட்டற" என்றாள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! ஒன்பது வீட்டுக்கு அள்ளிப் போட்ட சட்டியை, பத்தாவது ஆளுக்கு நான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்கிறார்கள். இந்தச் சொல்லை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர். பகலில் தன் தொழில், அது முடிந்ததும் நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையத்தில் சேவை. அங்கே வந்தவர்களில் போதைக்கு அடிமையானவர்கள் பலர். அவர்கள் பேச்சில் புழங்கிய சொல்லையே எடுத்து, சேவை செய்கிறவர்களுக்கு நேர்ந்த நிலையை 1974இல் கட்டுரையாக எழுதினார். ஆக, இந்த நிலைக்குப் பெயர் கிடைத்ததே நம்மைப் போன்றவர்களின் அறையிலிருந்துதான். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார் அதை மூன்றாகப் பிரித்தார்: மனம் வற்றிப்போவது, எதிரே இருக்கிற ஆள் வெறும் கேஸாகத் தெரிவது, நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். என் நோட்டில் மூன்றும் இருந்தன.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது இது. பணியிடம் என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். "உனக்கு மனத்திடம் போதாதும்மா, தியானம் பண்ணு" என்று என்னிடம் சொன்ன நிர்வாகி உண்டு. தியானம் நல்லதுதான். ஆனால் ஒரு ஆளுக்கு இத்தனை குடும்பம் என்று அளவில்லாத இடத்தில், காலையில் செய்த தியானம் பதினொரு மணிக்குத் தீர்ந்துவிடும்.

நாம் நோயாளிகளுக்கு என்ன பாடம் எடுக்கிறோம்? ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஹால்ட்' என்று நான்கு எச்சரிக்கை சொல்கிறோம். பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும், ஜாக்கிரதை என்கிறோம். அந்தப் பாடத்தை நாம் எடுப்பது மத்தியானம் மூன்று மணிக்கு, சாப்பிடாமல்! நம்மில் பலர் ஒரு காலத்தில் குடித்து மீண்டவர்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேலையில் பத்து பேரிடம் பேசிவிட்டோம், அதுவே நமக்கும் மீட்டிங் ஆகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். குடியிலிருந்து மீள்கிறவர்கள் கூடிப் பேசுகிற உங்கள் ஏ.ஏ. மீட்டிங்குக்கு நோயாளியாக, பின் வரிசையில் போய் உட்காருங்கள்.

அந்தத் தம்பியின் கதையில் இன்னொன்றையும் யோசித்தேன். கடலில் இருக்கிற மீனுக்கு, குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று 61 நாள் சட்டம் போட்டு ஓய்வு கொடுக்கிறோம். வலைக்கு ஓய்வு கொடுத்தால்தான் அடுத்த வருஷம் மீன் கிடைக்கும் என்று காசிமேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆலோசகருக்கு நாற்பத்தைந்து நிமிஷம் கொடுக்க நமக்குத் தெரியவில்லை.

இது நம் மண்ணுக்குப் புதுக் கோரிக்கையும் இல்லை. 1918இல் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் கூடினார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. தோள் கொடுத்தார். சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்றைய தொழிலாளர்களின் பெரிய குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சோறு தின்ன நேரம் போதவில்லை என்பது. நூறு வருஷத்துக்கு முன்னால் என் தாத்தா காலத்து ஆட்கள் கேட்டதைத்தான் இன்றைக்கு அதே வடசென்னையில் நின்று நானும் கேட்கிறேன்.

கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு மையத்திலும் ஆலோசகருக்கு மத்தியானம் முக்கால் மணி நேரம், போன் இல்லாமல். வாரத்தில் ஒரு மணி நேரம், மையத்துக்கு வெளியே இருக்கிற அனுபவமுள்ள ஒருவரிடம் உட்கார்ந்து பேச, சம்பளத்தோடு நேரம். துணை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். கேட்கிறவருக்கும் ஒரு கேட்கிறவர் வேண்டும். ராத்திரி போன் ஒரே ஆளுக்கு வராமல் முறை வைத்து மாற வேண்டும். அன்று முறை வைத்திருந்தால், சாப்பிட்டுத் தெம்பாக இருந்த வேறு யாராவது அந்தத் தம்பியின் 'சும்மா'வைக் கேட்டிருப்பார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மையங்களைப் பார்வையிட வருகிறவர்கள் கட்டிலை எண்ணட்டும், கழிப்பறையைப் பார்க்கட்டும், கூடவே ஆலோசகரைத் தனியாகக் கூப்பிட்டு "நீ எத்தனை மணிக்கு சாப்பிட்டாய்" என்றும் கேட்கட்டும். அதை எழுதி வாங்கும்வரை நான் ஓயமாட்டேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், ஐயா!

வாசல் பக்கம் மேஜையில் மனு இருக்கிறது. பெயர், மையம், கையெழுத்து. மாமன்ற உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நிர்வாகத்துக்குப் பயப்படுகிறவர்கள் பெயர் எழுத வேண்டாம், ஊர் மட்டும் எழுதுங்கள். அந்தத் தம்பி நலமாக இருக்கிறார். தடைக்காலம் முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, இந்நேரம் கடலில் இருப்பார்.

மணி ஒன்று. பந்தி தயார் என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். எல்லோரும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு வாருங்கள். முக்கால் மணி நேரம் யாரும் யாரையும் எழுப்பக் கூடாது.

நன்றி, வணக்கம்.