எட்டாம் வகுப்பில் ஒரு பட்டறை

(தலைமையாசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் நண்பர்களே, வணக்கம்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச விட்டிருக்கிறீர்கள். யாராவது கண் அசந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் மேல்நிலை வகுப்பில் ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவு நடத்தியவன். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவே நின்றுதான் பாடம் சொன்னேன். அதனால் தொழிற்கல்விக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறான் என்று நினைப்பீர்கள். பாதி சரி. அதைக் கொண்டுபோய்த் தவறான இடத்தில் வைத்துவிட்டோம் என்று சொல்வது மீதிப் பாதி.

1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தன. அதற்கு முன் பதினொன்றாவதோடு பள்ளி முடிந்துவிடும். அப்புறம் கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. புது ஏற்பாட்டில் தொழிற்கல்விக்கும் இடம் கொடுத்தார்கள். அதே ஆண்டில் மேல்நிலைக் கல்வியைத் தொழில் சார்ந்ததாக்குவது பற்றி ஒரு தேசியக் குழுவும் அறிக்கை தந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் நம் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா. யுனெஸ்கோவில் உயர்ந்த பதவி வகித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தவர். எண்ணம் நல்ல எண்ணம். எல்லாரும் கல்லூரி வாசலில் முண்டியடிக்க வேண்டாம், பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளை கையில் ஒரு வேலையும் இருக்கட்டும் என்பதுதான். மெஷினிஸ்ட், எலக்ட்ரிகல், விவசாயம், நர்சிங், தையல், அலுவலக மேலாண்மை, கணக்கும் தணிக்கையும் என்று பிரிவுகள் வந்தன.

நடந்தது என்ன? உங்கள் அறையில் நடந்ததைத்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் வரும். முதலில் வருகிறவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப். அடுத்தவனுக்கு அடுத்தது. கடைசியில் ஒரு அப்பா மார்க் ஷீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்பார். "வொகேஷனல்ல வேணும்னா போடலாம்ங்க" என்போம். அந்தப் பையன் ஜூன் மாதம் என் பட்டறைக்குள் வரும்போதே தண்டனை வாங்கியவன் முகத்தோடுதான் வருவான். அவர்களில் சிலர் கை தேர்ந்தவர்கள். சிலருக்கு இந்த வேலையில் துளியும் நாட்டமில்லை. மார்க் தள்ளிய இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஃபர்ஸ்ட் குரூப்பில் படித்து மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்த பிள்ளை, முதலாண்டு ஒர்க்‌ஷாப் வகுப்பில்தான் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அரத்தைத் தொடுகிறான். ஆண்டுக்கணக்காகப் பார்க்கும் வேடிக்கை இது.

அப்புறம் ஆசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள். பல பள்ளிகளில் அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஆசிரியரோடு பிரிவும் போயிற்று. எதிர்த்துக் கொடி பிடிக்கப் பெற்றோர் யாரும் வரவில்லை. அவர்களுக்கு எந்நாளும் பிடிக்காத பிரிவு அது.

இந்தத் தவறு 1978இல் ஆரம்பித்தது இல்லை. 1952–53இல் இடைநிலைக் கல்விக்கு ஒரு கமிஷன் போட்டார்கள். தலைவர் லட்சுமணசாமி முதலியார். பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும், அவற்றில் ஏழு பிரிவுகள் இருக்கட்டும், அதில் தொழில்நுட்பம் ஒன்று, விவசாயம் ஒன்று என்றது அந்த அறிக்கை. எல்லாப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழில் பழக வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. நாம் ஏழு பிரிவைப் பிடித்துக்கொண்டு இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டோம்.

கைத்தொழில் என்று பேச்செடுத்தாலே தமிழ்நாட்டில் ஏன் ஒரு நெருடல் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரம் பிள்ளை வீட்டில் அப்பா செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். நெய்கிறவர் மகன் நெய்யட்டும், சிரைக்கிறவர் மகன் சிரைக்கட்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்? பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார், தி.மு.க. தெருவில் இறங்கியது, காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு. அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலகி காமராசர் முதல்வரானார்; திட்டம் போயிற்று. போனது நல்லது. நம்மில் பாதிப் பேர் இந்த மேடையில் உட்கார்ந்திருப்பதே அது போனதால்தான்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் பையில்லாமல் வந்து தச்சர், குயவர், தோட்டக்காரர் பக்கத்தில் இருந்து கற்கலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்னபோது நம்மூரில் அந்தப் பழைய பயம் எழுந்தது. எழ வேண்டியதுதான். பயப்படுகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் பயத்துக்குப் பதில் பட்டறையை மூடுவதா? 1953 திட்டத்தில் பிள்ளை பள்ளியை விட்டு வீட்டுக்குப் போனான், அப்பா தொழிலுக்குப் போனான். இதைத் தலைகீழாக்கினால் போதும். வேலை பள்ளிக்குள்ளே நடக்கட்டும், எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும் வரட்டும். தச்சர் மகன் மின்சார வயரிங் செய்யட்டும், வக்கீல் மகள் இழைப்புளி பிடிக்கட்டும். பத்தாவது வரைக்கும் யாரையும் எதிலும் பிரிக்கக் கூடாது. அதில் வாங்கும் மார்க் எந்தக் குரூப்பையும் தீர்மானிக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் எப்படிச் செய்வது என்பது.

இதைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவர் முயற்சியால் 1866இலேயே கைவேலை பள்ளிப் பாடமாயிற்று. இன்றும் அங்கே அது கட்டாயப் பாடம். 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், ஆண் பிள்ளைக்கு மரவேலை, பெண் பிள்ளைக்குத் தையல் என்ற பிரிப்பும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பாடம். பக்கத்து சுவீடனில் ஒட்டோ சாலமன் என்பவர், நேஸ் என்ற ஊரில் ஆசிரியர்களுக்கே இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி நடத்தினார். பல நாட்டு ஆசிரியர்கள் போய்ப் பழகினார்கள். அவர் முறையில் பிள்ளை முதலிலிருந்தே வீட்டுக்கு உதவும் ஒரு பொருளைச் செய்வான். கரண்டி, கோடரிக் காம்பு இப்படி.

அதே காலத்தில் மாஸ்கோவில் விக்டர் டெல்லா வோஸ் வேறு வழி பிடித்தார். ஒரு தொழிலைச் சின்னச் சின்னப் பயிற்சிகளாக உடைத்தார். இன்று அறுப்பு, நாளைக்கு அரம், அதற்கடுத்து ஒரு இணைப்பு. பொருள் எதுவும் கிடையாது. 1876 பிலடெல்பியா கண்காட்சியில் இதைப் பார்த்து அமெரிக்கர்கள் மலைத்துப்போய்ப் பின்பற்றினார்கள். நம் ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் இன்றும் அதன் வாசனை அடிக்கிறது. பையனிடம் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து நாலு பக்கமும் அரத்தால் மட்டமாக ராவு என்போம். ராவி முடித்தால் அதில் ஒரு வி வெட்டி, இன்னொரு துண்டை அதற்குள் இடுக்கில்லாமல் பொருத்து என்போம். பொருத்துவான். மார்க் போடுவோம். செய்த துண்டு பழைய இரும்புக்குப் போகும். ஃபிட்டர் ஆகப்போகிறவனுக்கு இது சரியான பயிற்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஆகாது. "இது எதுக்கு சார்?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

எட்டாவதுக்கு நான் கொடுக்கிற முதல் வேலை தகரத்தில் ஒரு குப்பை அள்ளும் முறம். சிரிக்காதீர்கள், அதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தட்டையான தகரத்திலிருந்து மூன்று பக்கம் எழும்பிய ஒரு பொருள் வர வேண்டும். அப்படியென்றால் அதை விரித்தால் எப்படி இருக்கும் என்று முதலில் மனதில் பார்க்க வேண்டும். சார்ட் பேப்பரில் வரைந்து, வெட்டி, மடித்துப் பார்ப்பார்கள். மூலையில் வெட்ட மறந்தவனுக்குக் காகிதம் சுருண்டு நிற்கும். சரியாக வந்த காகிதத்தைத் தகரத்தின் மேல் வைத்துக் கீறுகோலால் கோடு போட வேண்டும்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுவார்கள். வெட்டிய தகரத்தின் ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் ஓரத்தை உள்ளே மடித்துத் தட்டுவது வழக்கம். ஒரு பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மடிப்புக்கு இடம் விடாமல் வெட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்து 12 மில்லிமீட்டர் குறைந்துவிடும். சேர்த்துப் போட்டவனும் கோட்டின் உள்பக்கம் வெட்டுவதா வெளிப்பக்கம் வெட்டுவதா என்று நிற்பான். கணக்கு நோட்டில் கோட்டுக்குத் தடிமன் இல்லை. இங்கே உண்டு. வடிவியலில் நூறு வாங்குகிற பிள்ளை திகைப்பதும், கணக்கில் தேறாத பிள்ளை போகிற போக்கில் மூலையை மடித்துப்போவதும் ஒரே மேசையில் நடக்கும். கடைசியில் ரிவெட் அடித்துக் கைப்பிடி. முறம் கோணலாக இருந்தாலும் அந்த வகுப்பறையைப் பெருக்க அதுவே போதும். அடுத்த நாள் அதைத்தான் எடுத்துப் பெருக்குவார்கள்.

அப்புறம் மின்சாரம். மூன்று பின் பிளக்கில் பெரிய பின் ஏன் நீளம்? எர்த் முதலில் தொட வேண்டும், கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. ஒரு பிளக்கைக் கழற்றி வயர் மாட்டத் தெரிந்த பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் மிக்சி ஒயர் கருகினால் அம்மா யாரையும் தேடிப்போக வேண்டியதுமில்லை.

நீதி ஆயோக் 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் தருகிறது; ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. முப்பரிமாண அச்சு இயந்திரம், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, சென்சார் எல்லாம் வரும். வரட்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பலகையை நேராக அறுத்துப் பழகாத பிள்ளை ரோபோவுக்கு உடம்பு செய்ய முடியாமல் தெர்மாகோலை ஒட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த அறையிலேயே, பொருளைக் கவ்விப் பிடிக்கிற பெஞ்சு வைஸ் இரண்டு போட்டால் போதும்.

யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு என்று 16,000க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. அன்று சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அதைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அவர்களில் கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நிறைய பள்ளிகளில் ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்புகிறோம். முதலில் அதை நிறுத்துங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.களில் 71ஐ டாடா நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால், சனிக்கிழமை காலையில் ஒன்பதாம் வகுப்பை அழைத்துப்போக முடியுமா என்று ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். அதிகபட்சம் முடியாது என்பார்கள்.

பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். தேர்வுத்தாள் வந்த மறுநாளே இதற்கும் கைடு வந்துவிடும், முறம் செய்யும் முறையை எழுதி ஐந்து மார்க் வாங்குவார்கள். ஆசிரியர் செய்த பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, இன்னது சரியில்லை, போய்ச் சரி செய் என்று சொன்னால் போதும்.

முன்வரிசையில் அம்மா ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: விபத்து நேர்ந்தால் பதில் சொல்வது யார், பவர் டிரில் தரலாமா என்று. எட்டாவதுக்குப் பவர் டிரில் வேண்டாம், கையால் சுற்றும் டிரில் போதும். தகரம் வெட்டும்போது கனமான கையுறை போடட்டும். அதே கையுறையோடு சுற்றுகிற மெஷின் பக்கம் மட்டும் போகக் கூடாது, இழுத்துவிடும். துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், சடையை உள்ளே செருகச் சொல்லுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடாத யாரையும் வைஸ் பக்கம் விடாதீர்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் இருபது பேராகப் பிரித்து, மீதி இருபது பேரை நூலகத்துக்கு அனுப்புங்கள். முதலுதவிப் பெட்டி பட்டறைக்குள்ளேயே இருக்கட்டும். தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், சாவி உங்களோடு மீட்டிங்குக்கு வந்துவிடும்.

நன்றி, வணக்கம்.