கடலுக்கு எட்டாத சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் கடற்கரையில் ஒரு சிற்றூர். எழுதுவது டன்விச்; உள்ளூர்க்காரர்கள் சொல்வது டனிச். இன்று அங்கே ஒரு தெருவும் கொஞ்சம் வீடுகளும்தான். ஆனால் 1086இல் அரசர் வில்லியம் எடுத்த நிலக் கணக்கில் டனிச்சுக்கு மூன்று தேவாலயங்கள். அரசருக்கு அது கொடுத்த ஹெர்ரிங் மீன்களே 60,000க்குக் குறையாது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் கிழக்குக் கரையின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

கடல் விழுங்கிய ஊர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. கடல் முதலில் கை வைத்தது ஊரின் பிழைப்பில். 1286, 1328 ஆண்டுகளின் பெரும்புயல்கள் கூழாங்கற்களை வாரிக்கொண்டுவந்து துறைமுக வாயிலை அடைத்தன. ஆறு வடக்கே வேறு வழி தேடிக்கொண்டது. கப்பல்களும் அந்தப் பக்கமே போயின. வணிகம் போன ஊரில் கரையைக் காக்க யாரிடம் பணம் இருக்கும்? அதன்பின் தெருத்தெருவாகச் சரிந்தது.

கடலோரத்தில் கடைசியாக எஞ்சியது ஆல் செயின்ட்ஸ் பங்குத் தேவாலயம். 1750களிலேயே அங்கே வழிபாடு நின்றுவிட்டது. ஆனாலும் இறந்தவர்களை ஊரார் அதன் முற்றத்திலேயே அடக்கம் செய்துவந்தார்கள். 1904 முதல் கட்டடம் துண்டுதுண்டாக விழத் தொடங்கியது. அந்த ஆண்டுகளின் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். ஒவ்வொரு படத்திலும் ஒரு சுவர் குறைகிறது. 1919இல் கோபுரமும் போயிற்று. கல்லறைகள் உடைந்து, மண்சரிவிலிருந்து எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. அலைக்கு அடியில் தேவாலய மணிகள் ஒலிக்கின்றன என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது.

ஆல் செயின்ட்ஸின் முட்டுச்சுவர் ஒன்றை மட்டும் பெயர்த்துக் கொண்டுபோய், உள்ளே தள்ளியிருக்கும் செயின்ட் ஜேம்ஸ் தேவாலய வளாகத்தில் நிறுத்தினார்கள். இப்போதைய பங்குத் தேவாலயம் அதுதான், 1832இல் கட்டியது. பாழடைந்த பிறகும் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்த டனிச், அந்த உரிமையை இழந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்த வளாகத்தில் இன்னொரு சிதைவும் உண்டு. தொழுநோயாளர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், அவர்களுக்கென்று 12ஆம் நூற்றாண்டில் கட்டிய சிற்றாலயம் அது. செல்வர்கள் தொழுத கோயில்கள் எல்லாம் நீருக்கடியில் கிடக்கின்றன. ஒதுக்கப்பட்டவர்கள் தொழுத அந்த வளைந்த சுவர், புல்தரையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.