901 மீட்டர்தான், ஆனாலும் கால் கழன்றுவிடும்: பிரான்ஸின் மோர்வான் காட்டுச் சாலைகள்

[திரை: பிரான்ஸ் வரைபடம். பாரிஸிலிருந்து தென்கிழக்கே நகரும் கோடு ஒரு பச்சைத் திட்டில் நிற்கிறது.]

பிரான்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி "ஆல்ப்ஸா, பிரனீஸா?" என்பதுதான். இந்த வீடியோவில் நாம் இரண்டுக்கும் போகவில்லை. பர்கண்டிப் பகுதியின் நடுவில், நான்கு மாவட்டங்கள் கைகோத்து நிற்கும் இடத்தில் மோர்வான் என்றொரு மலைக்காடு இருக்கிறது. 1970-லிருந்து அது வட்டார இயற்கைப் பூங்கா. பாரிஸில் இருப்பவர்கள் காலையில் பெர்சி நிலையத்தில் ரயில் பிடித்தால் மதியத்துக்குள் அதன் வடக்கு வாசலுக்கு வந்துவிடலாம்.

இங்கே மிக உயரமான இடம் ஓ-ஃபோலான். வெறும் 901 மீட்டர். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள்.

[திரை: இரண்டு உயர வரைகோடுகள். ஒன்று ஒரே ஏற்றம். மற்றொன்று ரம்பப் பல்.]

ஆல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற ஆல்ப் துயேஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சுமார் 1,100 மீட்டர் உயரம். ஒரே மூச்சில் ஏறுகிறோம், முடிந்துவிடுகிறது. மோர்வானில் 100 கிலோமீட்டர் சுற்றினால் மொத்த ஏற்றம் 1,500 மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் அது ஒரே இடத்தில் வராது. இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கிலோமீட்டர் இறக்கம், உடனே ஒரு வளைவு, மறுபடி ஏற்றம். மூச்சு ஒரு தாளத்துக்கு வருவதற்குள் கியர் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் பாதை போடும்போது "உச்சி எவ்வளவு உயரம்" என்று பார்க்காதீர்கள். மொத்தமாக எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்று பாருங்கள்.

ஏன் இப்படி? காரணம் கருங்கல். சுற்றியிருக்கும் நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மோர்வான் பழைய கிரானைட் மலை, தண்ணீர் இறங்காது. மேட்டுப் பகுதிகளில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த மழை முழுக்கத் தரைமேலேயே ஓடி, நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிரிந்து, மலையைக் கீறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கீறலும் நமக்கு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம்.

[திரை: யோன், க்யூர், கூசான் ஆறுகள் நீல நிறத்தில், வடக்கு நோக்கி அம்புக்குறியுடன்.]

இப்போது இந்த ஆறுகளைப் பாருங்கள். யோன், க்யூர், கூசான். மூன்றும் வடக்காக, வடமேற்காக ஓடுகின்றன. கடைசியில் எல்லாம் சேன் நதிக்குப் போய்ச் சேரும் தண்ணீர். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெற்கு வடக்காகப் போகும் சாலை ஆற்றோடு ஒத்துப் போகும். கிழக்கு மேற்காகப் போகும் சாலை ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் குறுக்கே வெட்டும். வரைபடத்தில் இரண்டும் 40 கிலோமீட்டர்தான். கால் அப்படிச் சொல்லாது.

இந்த ஆறுகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. எனக்கு மோர்வானில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து பாரிஸின் அடுப்பெரிந்தது பெரும்பாலும் இந்தக் காட்டு விறகில். விறகை வண்டியில் ஏற்றவில்லை, ஆற்றில் விட்டார்கள். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் முதலாளியின் முத்திரையைச் சுத்தியலால் அடித்து ஓடையில் தள்ளிவிடுவார்கள். க்ளம்சி ஊரில் அவற்றைப் பிடித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, சுமார் 70 மீட்டர் நீளத் தெப்பங்களாகக் கட்டி பாரிஸுக்கு ஓட்டிப் போவார்கள். ஓடையில் தண்ணீர் குறைந்தால் கட்டை நகராது. அதற்காகவே 1854-இல் தொடங்கி 1858-இல் க்யூர் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டி முடித்தார்கள். மதகைத் திறந்தால் வெள்ளம், வெள்ளத்தோடு விறகு.

[காட்சி: செத்தோன் ஏரி. அணையின் கருங்கல் சுவர். கரையோரச் சாலை.]

அந்த அணையில் தேங்கியதுதான் இன்று சைக்கிள்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கும் செத்தோன் ஏரி. சுற்றி வர சுமார் 15 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில் சமதளம் என்று சொல்லத்தக்க சாலை அநேகமாக இது ஒன்றுதான்!

சரி, பாதைக்கு வருவோம். நான் சொல்வது வெசலேயில் தொடங்கி ஓத்தானில் முடியும் சுமார் 120 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

[திரை: பாதை வரைபடம், ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக.]

வெசலே குன்றின்மேல் இருக்கும் மதலேன் தேவாலயம் 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து இறங்கி, பியேர்-பெர்துய் வழியாக லோர்ம் நோக்கி ஏறுங்கள். வயல்கள் சுருங்கும், காடு நெருங்கும். அவலோனிலிருந்து ஷாத்தோ-ஷினோன் போகும் D944 என்ற மாவட்டச் சாலை நேரான வழிதான். ஆனால் வண்டிகள் அதில்தான் வரும். அதை விட்டுச் சிறு சாலைகளை எடுங்கள். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குள் போனதும் சாலை எண் மாறிவிடலாம்; எண்ணை நம்பாமல் ஊர்ப் பெயரை நம்புங்கள்.

ஏரிக்குப் பக்கத்தில் மோன்சோஷ். காட்டுக்குள் இருக்கும் பழைய ஊர், ஆனால் வீடுகள் மட்டும் புதிதாக இருக்கும். 1944 ஜூனில், காட்டில் பதுங்கியிருந்த எதிர்ப்புப் போராளிகளுக்குப் பழிவாங்க ஜெர்மன் படை இந்த ஊரைக் கொளுத்தியது. தெற்கே இருக்கும் ப்ளான்ஷேயும் எரிந்தது.

அடுத்து ஷாத்தோ-ஷினோன். பிரெஞ்சு அதிபராக இருந்த மித்தரான் 1959 முதல் 1981 வரை இந்த ஊரின் மேயர். கடைகள் இருக்கும் ஊர் என்பதால் பையை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் ஓ-ஃபோலான் பக்கம் ஏற்றம். இந்தப் பகுதியில் இருண்ட ஊசியிலை மரங்களாக இருக்கும். ஏதோ ஆதிகாடு என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் நட்ட டக்ளஸ் மரங்கள். மொத்தமாக மொட்டையடித்த சரிவுகளையும் பார்ப்பீர்கள். உள்ளூரில் அதற்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது. சைக்கிள்காரருக்கு உடனடியான விஷயம் மரலாரி. குறுகிய வளைவில் அது எதிரே வந்தால் ஒதுங்கி நின்றுவிடுவது நல்லது.

தெற்கே 821 மீட்டர் உயர மோன் பொவ்ரே. மேலே பிப்ராக்த், ரோமானியர்களுக்கு முந்தைய எதுயி மக்களின் தலைநகரம். கி.மு. 52-இல் ரோமானியத் தளபதி சீசருக்கு எதிராக, அன்று இந்த நிலத்தில் வாழ்ந்த கோல் மக்களின் தலைவராக வெர்சிங்கெட்டோரிக்ஸ் உறுதி செய்யப்பட்டது இங்கேதான். மேலே போகும் சாலை செங்குத்து. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

[காட்சி: மூடிய பேக்கரி. கல்லறைத் தோட்டக் குழாய். மஞ்சள் எச்சரிக்கைப் பலகை.]

சில நடைமுறை விஷயங்கள். திங்கட்கிழமை பல பேக்கரிகள் திறக்காது. மதியம் 12 முதல் 2 வரை எதிர்பார்க்கவே வேண்டாம். தண்ணீருக்குப் பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் கல்லறைத் தோட்டக் குழாயைத் தேடுவார்கள். "குடிக்கத் தகாதது" என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோடையில் தார் ஊற்றிப் பொடி ஜல்லி தூவிய சாலைகள் வரும். இறக்கத்தில் அதைப் பார்த்தால் வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள். ஊருக்கு வெளியே கார்கள் உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும் என்பது சட்டம். இரவில் விளக்கு கட்டாயம்; ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கியும் கட்டாயம். கியரைப் பொறுத்தவரை, முன் சக்கரப் பல்லில் சிறியது 34 பல், பின்னால் பெரியது 32 பல் இருந்தால் முழங்கால் பிழைக்கும்.

ஓத்தானில் இறங்கிய பிறகும் காலில் தெம்பு மிச்சமிருந்தால், தெற்கே உய்ஷோன் இருக்கிறது. 2021 தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஏழாவது கட்டம், வியர்சோனிலிருந்து லெ க்ரூஸோவுக்கு 249.1 கிலோமீட்டர், இந்த வழியாக வந்தது. உய்ஷோன் ஏற்றம் 5.7 கிலோமீட்டர், சராசரி 5.7 சதவீதம். தாளில் பார்த்தால் சாதாரணம். முந்தைய ஆண்டில் இரண்டாம் இடம் பிடித்த ப்ரிமோஷ் ரோக்லிச், விழுந்த காயங்களோடு வந்து, இந்த ஏற்றத்தில்தான் கூட்டத்திலிருந்து பின்தங்கினார். அன்று வென்றவர் மாத்தேய் மொஹோரிச்.